ஏழரைக் கோழி: இணையவழிக் கணக்குப் பாட உதவி குறித்த புகார்

அனுப்புநர்
கோழிக்கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழிப் பாட உதவி நிறுவனம்.

பொருள்: இயற்கணிதப் புதிருக்குத் தவறான விடை தந்தது, தமிழில் விளக்க மறுத்தது, சந்தாவைத் திரும்பக் கோருவது.

ஐயா,

ஒன்பதாம் வகுப்பில் தமிழ் வழியில் படிக்கும் என் மகளுக்காகத் தங்கள் செயலிக்கு ஓராண்டுச் சந்தாவாக 4,800 ரூபாய் கட்டியிருக்கிறேன். ‘எந்த நேரத்திலும், உங்கள் மொழியில், ஆசிரியரே விளக்குவார்’ என்பது தங்கள் விளம்பரம். இதில் நேரத்தைப் பற்றி மட்டும் எனக்குக் குறை இல்லை. கடை அடைத்து வந்த பிறகு இரவில் கேட்டாலும் பதில் வந்துவிடுகிறது. என்ன பதில் என்பதுதான் பிரச்சினை.

அவள் கேட்ட புதிர் இது. சேவல் ஒன்று 5 ரூபாய், பெட்டைக் கோழி ஒன்று 3 ரூபாய், குஞ்சு மூன்று சேர்த்து 1 ரூபாய். 100 ரூபாய்க்குச் சரியாக 100 உருப்படி வாங்க வேண்டும். மூன்று வகையிலும் ஒன்றாவது இருக்க வேண்டும். (இந்த விலைக்கு எங்கே கிடைக்கும் என்று சொன்னால் நானே வண்டி அனுப்புகிறேன்.)

முதலில் வந்த பதில்: ‘மாறிகள் மூன்று, சமன்பாடுகள் இரண்டே. கேள்வி பிழையானது.’ பிள்ளை விடாமல் மறுபடியும் கேட்டாள். அடுத்த பதிலில் சேவல் 10, பெட்டை 7.5, குஞ்சு 82.5 என்று இருந்தது. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை வேறு. கூட்டினால் 100 வருகிறது, விலையும் 100 வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பல்லடத்தில் ஏற்றி வேலந்தாவளம் வழியாக என் கடைக்கு வந்து இறங்கும் கோழிகளில் அரைக் கோழி உயிரோடு வந்து நான் பார்த்ததில்லை. ஏழரை என்பது சனிக்கு உண்டு, கோழிக்குக் கிடையாது. முத்திரை குத்தியவர் கேள்வியைப் படித்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

தொலைபேசியில் அழைத்தேன். முகவரி கேரளம் என்பதால் மலையாளப் பிரிவுக்கு இணைப்பு போனது. இந்த எல்லையோர ஊர்களில் மலையாளம் எங்களுக்குப் புழங்கும் மொழிதான். வியாபாரமே அதில் பாதி நடக்கிறது. ஆனால் பிள்ளை கணக்குப் படிப்பது தமிழில். கேரள அரசே தமிழ் வழி மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் அச்சிட்டுத் தரும்போது, பின்கோடைப் பார்த்து நாங்கள் எந்த மொழியில் கற்க வேண்டும் என்று முடிவு செய்யத் தங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சந்தா கட்டும்போது தமிழைத்தான் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது. ‘தீர்வு வழங்கப்பட்டது’ என்று கோரிக்கையையும் மூடிவிட்டார்கள்.

கடைசியில் விளக்கியவர் பள்ளிக் கணக்கு டீச்சர், காசு வாங்காமல். குஞ்சின் விலை பின்னமாக இருப்பதால் விலைச் சமன்பாட்டை மூன்றால் பெருக்கச் சொன்னார். அதிலிருந்து எண்ணிக்கைச் சமன்பாட்டைக் கழித்தால் குஞ்சு போய்விடும். சேவலின் 14 மடங்கும் பெட்டையின் 8 மடங்கும் சேர்ந்து 200 என்று மிஞ்சும். பாதியாக்கினால் 7, 4, 100. இங்கேதான் புதிரின் உயிர் இருக்கிறது: 100ஐயும் பெட்டையின் பங்கையும் நான்கு மீதியின்றி வகுக்கும், எனவே சேவலின் எண்ணிக்கையும் நான்கின் மடங்காகத்தான் இருக்க வேண்டும். 4 சேவல் என்றால் 18 பெட்டை, 78 குஞ்சு. 8 என்றால் 11, 81. 12 என்றால் 4, 84. பதினாறுக்குப் போனால் சேவலுக்கே கணக்கு மிஞ்சிவிடும். ஆக மூன்று விடைகள். சமன்பாடு குறைவாக இருந்தாலும், உயிருள்ளதை முழு எண்ணில்தான் எண்ண முடியும் என்ற நிபந்தனை அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் பணம் கட்டினேன்.

பிழை என்று தாங்கள் ஒதுக்கிய கேள்வியை, இதே எண்களோடு, 5ஆம் நூற்றாண்டிலேயே சீனக் கணித அறிஞர் சாங் சியூஜியன் எழுதி, மூன்று விடைகளையும் கொடுத்திருக்கிறார். முழு எண் விடை தேடும் சமன்பாடுகளுக்கு நம் ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே வழி சொல்லியிருக்கிறார்.

முத்திரையோடு நிற்கும் அந்த ஏழரைக் கோழி விடையை முதலில் நீக்குங்கள். வேறு பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவை நான் கட்டிய அதே வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் ரத்து செய்யுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது தங்கள் பொறுப்பு. தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் பாலக்காடு மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். தங்கள் தலைமையகம் எந்த நகரத்தில் இருந்தாலும் அதற்குத் தடையில்லை.

பதிலைத் தமிழில் அனுப்பவும். இரண்டு விடைகளின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டிய ரசீதும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்