வாடகை வீடுகளில் உடல்நலப் பரிசோதனைக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்தில், ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் உள்ள எங்கள் புளோக்குகளில் சென்ற ஆண்டு முதல் நடந்துவரும் உடல்நலப் பரிசோதனைக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தனியார் மருந்தகங்களில் மானியக் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்க உதவும் சாஸ் திட்டம் 2012இல் வந்தது; நோய்த்தடுப்புக்கான ‘ஹெல்தியர் எஸ்ஜி’ என்ற தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கிய பிறகு ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளவும் வழி பிறந்தது. ஆனாலும், விடியுமுன் துப்புரவு வேலைக்குக் கிளம்பி, மாலையில் இன்னொரு வேலைக்கும் போகிறவர்களுக்கு மருந்தக வாசலை மிதிக்க நேரம் வாய்ப்பதில்லை. அரைநாள் விடுப்பு எடுத்தால் அரைநாள் சம்பளம் போய்விடும். ஆகவே, பரிசோதனையை இரவு வேளையில் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே வைக்க முன்வந்த மருத்துவருக்கும் தாதியருக்கும் முதல் நன்றி. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லாத, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை அவர்கள் தேர்ந்தெடுத்ததால், வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் ரத்தம் கொடுக்க முடிந்தது.

மருத்துவ மாணவர்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நீரிழிவு உள்ள ஒரு பாட்டியின் முன் ஒரு மாணவி தரையில் அமர்ந்து, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, “தெரிகிறதா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெருவிரலடியில் தொட்டது பாட்டிக்குத் தெரியவே இல்லை. உணர்விழந்த பாதத்தில் காயம் பட்டாலும் வலிக்காது, கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்க நேரலாம் என்று அந்த மாணவி பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகுதான், பல ஆண்டுகளாக மறுத்துவந்த பாட்டி பலதுறை மருந்தகத்திற்கு (பாலிகிளினிக்) வரச் சம்மதித்தார்.

முடிவுத் தாளைக் கையில் கொடுப்பதோடு இந்த வேலை முடிவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தவர்களுக்கு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கித் தந்து, வர மறந்தவர்களின் கதவை மறுபடியும் தட்டி, மாத்திரைப் பைகளில் காலை, இரவு என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி ஒட்டிய அண்டைவீட்டுத் தொண்டூழியர்களுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். மருத்துவமனைக் கட்டணத்திற்கு வழியின்றித் தவித்தவர்களுக்கு மெடிஃபண்ட் என்னும் அரசு மருத்துவ உதவி நிதிக்கான விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தந்த மருத்துவச் சமூக ஊழியருக்கும் எங்கள் நன்றி.

அடுத்த சுற்றில் நீரிழிவு உள்ளவர்களுக்கான கண் பரிசோதனையையும் சேர்க்க எண்ணியுள்ளோம். அதற்கும் உங்களைத்தான் நாடி வருவோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
ஒரு குடியிருப்பாளர்