விசாரணை இல்லையென்று முன்கூட்டியே சொல்லலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள் குறித்துக் கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியில், முதியோருக்குப் போதிய விழிப்புணர்வு இல்லாததால்தான் பராமரிப்புத் தொகை கோரும் மனுக்கள் குறைவாக வருகின்றன என்று சமூக நலத்துறை அலுவலர் ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். அவருடைய வருத்தத்தைச் சற்றே குறைக்க விரும்புகிறேன்.

78 வயதான என் அக்கா முழு விழிப்புணர்வோடுதான் மனுக் கொடுத்தார். வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த மறு ஆண்டே அவருடைய படுக்கை திண்ணைக்கு வந்துவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்ட 90 நாட்களுக்குள், மிஞ்சினால் மேலும் 30 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. எங்களுக்கு ஓராண்டும் நான்கு மாதமும் ஆயின. இரண்டு பேருந்து மாறிப் போய், முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நிற்கும்போதுதான் "ஐயா ஜமாபந்திக்குப் போயிருக்கிறார்" என்பார்கள். மறுமுறை அமைச்சர் வருகை, அதற்கடுத்து தேர்தல் பணி.

தீர்ப்பாயத்தில் வழக்கறிஞருக்கு இடமில்லை என்கிறது 17ஆம் பிரிவு. பெற்றோர் விரும்பினால் அவர்கள் சார்பில் பராமரிப்பு அலுவலர் ஆஜராகலாம் என்கிறது 18ஆம் பிரிவு. மகன் பக்கம் கறுப்புக் கோட்டு வந்தது. அக்கா பக்கம் மஞ்சள் பையோடு நான் நின்றேன். எழுதிக் கேட்டும் அந்த அலுவலரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

இதற்கும் முன்பு, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, "மகன்தான் இருக்கிறாரே, நீங்கள் எப்படி ஆதரவற்றவர்?" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மகன் மீதே மனுக் கொடுத்தபோது, "பெற்ற பிள்ளைதானே, அனுசரித்துப் போகக் கூடாதா?" என்றார்கள். ஓர் அலுவலகத்துக்கு மகன் இருப்பது குற்றம், இன்னோர் அலுவலகத்துக்கு அவனைக் குறை சொல்வது குற்றம்.

ஒருவழியாக மாதம் 4,000 ரூபாய் தர உத்தரவாயிற்று. (2007இல் வைத்த 10,000 ரூபாய் உச்சவரம்பே இன்றும் நீடிக்கிறது, அதை நீக்க 2019இல் மக்களவைக்கு வந்த மசோதாவும் காலாவதியாகிவிட்டது.) இரண்டு மாதம் பணம் வந்தது, பிறகு நின்றது. வசூலித்துத் தரும்படி இன்னொரு மனுக் கொடுக்க வேண்டுமாம், அதே மாடிப்படி ஏறி. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். மனுக்கள் குறைகிற கணக்கில் அவரையும் அந்தச் சமூக நலத்துறை அலுவலர் சேர்த்துக்கொள்ளட்டும்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. விசாரணை இல்லாத நாளில், மனுவில் எழுதியுள்ள கைபேசி எண்ணுக்கு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லலாம். வயதானவர்களைத் தரைத்தளத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்காரவைத்து விசாரிக்கலாம்.

அக்காவின் மகனான என் மருமகனும் தங்கள் நாளிதழின் சந்தாதாரர் என்பதால், என் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்