புல்தரையிலிருந்து விமானம் எடுக்கப்போகும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூரிலிருந்து விமானம் ஓட்டப் படிக்கக் கிளம்புகிறீர்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் புல்தரை ஓடுதளங்கள் பழகிவிடும். சிறு விமான இன்ஜின்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேக்ஆஃபில் நொறுங்கிய விமானங்களைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் இன்ஜினில் எந்தக் கோளாறும் இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

சக்கரம் தரையை விட்டதும் விமானம் பறக்கத் தயாராகிவிட்டது என்று நம்பாதீர்கள். இறக்கை விரிவில் பாதி உயரம் வரை தரையின் அருகாமை காற்றின் இழுவையைக் குறைக்கும். அந்தத் தயவில், போதிய வேகம் வருமுன்பே விமானம் மேலெழும்பிவிடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் இழுவை கூடும், விமானம் தொய்யும். எதிரே மரங்கள் தெரிந்ததும் கை தானாகப் பின்னுக்கு இழுக்கும். மூக்கு தூக்கும், ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும், ஒரு பக்க இறக்கை சரியும். அந்தத் தாழ்வில் மீள உயரம் கிடையாது.

விமானத்தின் கையேட்டில், டேக்ஆஃபுக்குத் தேவையான தூரம் 300 மீட்டர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, ஈரப்புல்லுக்கு 30 சதவீதம் கூட்டினால் 390. பத்து டிகிரி வெப்பம் கூடினால் 429. எடை 10 சதவீதம் கூடினால் 515. அதன்மேல் 1.33 மடங்கு பாதுகாப்பு இடைவெளி வைத்தால் ஏறக்குறைய 685 மீட்டர். ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுகிறது.

உயரம் இன்னும் பொல்லாதது. கல்லட்டி ஏற்றத்தில் கார்புரேட்டர் பைக் திணறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. 24 டிகிரி அடிக்கும் மே மாத மதியத்தில் அங்கே காற்று 10,000 அடிக்கு மேலிருப்பதுபோல மெலிந்திருக்கும். டர்போ இல்லாத இன்ஜின் அந்த அடர்த்தியில் 70 சதவீதம் சக்தி தந்தாலே அதிகம். அப்புறம் இன்னொன்று: வேகமானி முள் வழக்கமான எண்ணைத் தொடுமுன்பே தரை விரைந்தோடுவதாகத் தோன்றும். முள்ளை நம்புங்கள், கண்ணை அல்ல.

இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறக்குமுன் ஓடுதளத்தின் பாதியில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையா, உடனே மூடி பிரேக் பிடியுங்கள். ஈரப்புல்லில் பிரேக்கும் வழுக்கும். அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ராணுவ ஹெலிகாப்டர் 14 உயிர்களைப் பறித்தது. அது வேறு வகை விபத்து, மேகத்துக்குள் சிக்கியது. ஆனால் அன்று உதவப் போர்வையோடு ஓடிய நம் ஊர்க்காரர்களுக்கு விமான விபத்து என்பது வெறும் செய்தி இல்லை. தேயிலைக் காட்டை அடகு வைத்து உங்களை அனுப்பிய வீட்டாரும் அவர்களோடு வாழ்கிறவர்கள்தான். காசு போகிறதே, பறந்த மணிக்கணக்கு குறைகிறதே என்று பயந்து ஓடுதளத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பாதியில் நிறுத்தியதற்காக உங்களை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. நினைத்தால் அது அவர்கள் தவறு.

புது ஓடுதளம் என்றால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள். புல் எவ்வளவு உயரம், எங்கே சேறு, எந்தப் பக்கம் ஏற்றம் என்று காலுக்குத் தெரியட்டும். பயிற்சியாளர் அவசரப்படுத்தினால், "சார், ஒருமுறை கணக்குப் போட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். பின்னால் நிற்கும் விமானம் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து உங்கள் அண்ணன்