அவள் பேசாதபோது நீ பேசலாமா?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் உன் பார்ட்னர் சர்வ் போட நிற்கிறாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒருவன் அவள் நிறத்தைச் சொல்லிக் கத்துகிறான். நடுவர் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் சர்வ் போட்டாள். நீயும் பேசாமல் நின்றிருக்கிறாய். "அவளே பேசாதபோது நான் எப்படிப்பா பேசுறது? அவளுக்குச் சங்கடமாயிடாதா?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் ஏன் பேசவில்லை என்று முதலில் யோசித்துப் பாரம்மா. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ராபர்ட் வால்டர் ஜான்சன் என்று ஒரு கறுப்பின டாக்டர் இருந்தார். கறுப்பின டென்னிஸ் முன்னோடிகளான ஆல்தியா கிப்சன், ஆர்தர் ஆஷ் இருவருமே அவரிடம் ஆட்டம் பழகியவர்கள். தன்னிடம் ஆடப் பழகிய பிள்ளைகளுக்கு அவர் கண்டிப்பாகச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு: எதிராளியின் பந்து கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே விழுந்தாலும் 'அவுட்' என்று சொல்லாதே, திருப்பி அடி. நடுவரோடு வாதாடாதே, முகத்தில் கோபத்தைக் காட்டாதே. வெள்ளையர்களின் போட்டிகளில் கால் வைக்கக் கிடைத்த வாய்ப்பு ஒரே ஒரு வாக்குவாதத்தில் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆஷின் நிதானத்தை எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தால் வருத்தம்தான் வரும். ஒரு சின்னப் பையன் தனக்குச் சேர வேண்டிய புள்ளியை விட்டுக்கொடுக்கப் பழகியிருக்கிறான்.

அதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிடாதே. 2018 யு.எஸ். ஓபன் இறுதி ஆட்டத்தில் செரீனா வில்லியம்ஸ் நடுவரோடு வாதாடினார். அவர் செய்தது சரியா தப்பா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் மெல்போர்ன் பத்திரிகை ஒன்று அவரை எப்படிக் கார்ட்டூனாக வரைந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பழைய இனவெறிக் கேலிச்சித்திரங்களில் வருவதுபோல ஊதிய உதடும் பெருத்த உடம்புமாக. அதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று அந்த நாட்டு பிரஸ் கவுன்சில் சொல்லிவிட்டது. கோபப்பட்டால் என்ன கிடைக்கும் என்று உன் பார்ட்னர் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறாள். அவள் வாய் திறக்காததை வைத்து, அவளுக்கு வலிக்கவில்லை என்றோ, நீ பேசுவது அவளுக்குப் பிடிக்காது என்றோ முடிவுகட்டாதே.

கலிபோர்னியாவின் இண்டியன் வெல்ஸ் போட்டிக் கதையை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். 2001 மார்ச். தங்கை செரீனாவோடு ஆட வேண்டிய அரையிறுதிக்குச் சற்று முன்னால் வீனஸ் காயம் என்று விலகிக்கொண்டார். அக்கா தங்கை ஆட்டங்களில் யார் ஜெயிப்பது என்று அவர்கள் அப்பா ரிச்சர்ட் வில்லியம்ஸ்தான் முடிவை ஏற்பாடு செய்கிறார் என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டத்தன்று 19 வயது செரீனாவை அந்தக் கூட்டம் ஆட்டம் முழுக்கக் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. இனத்தைச் சொல்லித் திட்டியதைக் காதால் கேட்டதாக ரிச்சர்ட் வில்லியம்ஸ் சொன்னார். செரீனா முதல் செட்டைத் தோற்று, பிறகு கிம் கிளைஸ்டர்ஸை வென்றார். அதற்குப் பிறகு 14 வருடம் அவர் அந்தப் போட்டிக்கே போகவில்லை. அந்தக் கூட்டத்தை நான் திட்டித் தீர்த்துவிட்டேன், அது வேறு. இன்றுவரை என்னை உறுத்துவது, ஆட்டம் பாட்டுக்கு நடந்ததுதான். ஒரு சின்னப் பெண்ணை அவ்வளவு பேர் சேர்ந்து வதைக்கும்போது நிறுத்தி வைக்கும் அதிகாரம் இருந்தவர்கள் நிறுத்தவில்லை.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1950இல் ஆல்தியா கிப்சனுக்கு அமெரிக்க தேசியப் போட்டியில் இடம் கிடைக்காமல் இருந்தபோது, முன்னாள் விம்பிள்டன் சாம்பியன் அலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் தன் விளையாட்டு உலகத்தையே சாடி எழுதினார். வெள்ளைக்காரப் பெண், பெரிய பட்டங்கள் வாங்கியவர். இதில் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. அதே வருடம் ஃபாரஸ்ட் ஹில்ஸில் கிப்சன் இறங்கினார்.

'மார்பிள் பெரிய ஆள், நான் யார்?' என்று நீ கேட்பாய். சரி, ஆஞ்செலா பக்ஸ்டனைப் பார். இங்கிலாந்தின் யூதப் பெண். யூதர் என்பதால் கிளப்களில் அவருக்கும் கதவு சாத்தப்பட்டது. கிப்சனோடு ஜோடி சேர்ந்து 1956இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றார். பல வருடம் கழித்து, 1990களில் கிப்சன் நோயிலும் வறுமையிலும் தவித்தபோது டென்னிஸ் உலகத்திடம் பணம் திரட்டித் தந்தவரும் பக்ஸ்டன்தான். அவரும் ஒரு இரட்டையர் பார்ட்னர்தானம்மா, உன்னைப் போல.

2020இல், விஸ்கான்சினில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டபோது, கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த நவோமி ஒசாகா, அப்போது நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்த போட்டியின் அரையிறுதியில் ஆட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அந்தப் போட்டி ஒரு நாள் நின்றது. 2025 யு.எஸ். ஓபனில் டெய்லர் டவுன்சென்டைப் பார்த்து, அவரிடம் தோற்ற ஒஸ்தாபென்கோ 'படிப்பில்லாதவள்' என்ற பொருளில் பேசினார். பெரும்பாலும் வெள்ளையர் ஆடும் விளையாட்டில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்வது எவ்வளவு மோசம் என்று உடைத்துச் சொன்னதும் ஒசாகாதான். ஒவ்வொரு முறையும் அடிபட்டவர்களே எழுந்து விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை நாளைக்கு?

அடுத்த முறை நடந்தால் என்ன செய்வது என்றும் கேட்டாயே. சர்வ் போடுவதற்கு முன்பே கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்து. நேராக நடுவரிடம் போ. என்ன கத்தினான், எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல். நடுவருக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல். 2023 யு.எஸ். ஓபனில் ஒருவன் ஹிட்லர் காலத்து வாசகம் ஒன்றைக் கத்தியதும் ஜெர்மன் வீரர் ஸ்வெரெவ் நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பினார்கள். ஆக, நடக்கக்கூடியதுதான். பெனால்டி வந்தால் வரட்டும். 'இவள் தொல்லை பிடித்தவள்' என்று நாலு பேர் பேசினால், போட்டி நடத்துபவர்கள் நேரடியாகத் தரும் ஒரு வைல்ட் கார்ட் இடம் கைநழுவினால், அந்த இழப்பு எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியும் பேசு என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம், இன்றைக்கே அவளிடம் போய் உட்கார். "கேட்டேன், பேசியிருக்கணும், பேசல" என்று சொல். சமாதானம் எதிர்பார்க்காதே, அழுது அவளைத் தேற்ற வைக்காதே. போட்டி நிர்வாகத்துக்குப் புகார் எழுதவா என்று கேள். அவள் சரி என்றால் உன் பெயரில், உன் கையெழுத்தோடு எழுது. வேண்டாம் என்றால் அவள் விருப்பத்தை மதி. எழுதினால் அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா