இரட்டைக் கோடும் புளியங்கொட்டையும்

கூடலூர்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. அத்தை மகனைக் கட்டினால் பிள்ளைகளுக்கு ஏதும் ஆகுமா என்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கொஞ்சம் குழப்பம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனைக்காக அலைந்துகொண்டிருக்கிறேன். 11ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் ஏ என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த ஓர் எழுத்துதான் ஆளைப் படுத்தி எடுக்கிறது. நம் சிவப்பணு 120 நாள் உயிரோடிருக்கும்; இந்த நோய் உள்ளவர்களுக்கு அது 20 நாள் தாண்டினால் பெரிது. சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும், எலும்பெல்லாம் வலிக்கும். குளிர் பட்டால் வலி கிளம்பும். இதோடு நீலகிரியில் வாழ வேண்டும், யோசித்துப் பார். இந்தியாவில் இந்த மாறிய மரபணு முதன்முதலில் தெரியவந்ததும் இந்த மலையில்தான், 1952இல். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி இருந்தால்தான் நோய். ஒன்று மட்டும் இருப்பவர் நம்மைப் போல நன்றாகவே இருப்பார். கடும் மலேரியாவிலிருந்து அவருக்குக் கொஞ்சம் காப்பும் உண்டு. மலேரியா மண்டிக் கிடந்த காடுகளில் இது அழியாமல் தங்கியதற்கு அதுதான் காரணம்.

இனி என் லட்சணம். முகாமில் ஒரு சொட்டு ரத்தத்தை மருந்து நீரில் விடுவோம். கலங்கிப்போய், குழாய்க்குப் பின்னால் பிடித்த கோடு தெரியாவிட்டால் அந்த மரபணு இருக்கிறது என்று பொருள். ஒன்றா இரண்டா என்று அது சொல்லாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனாலும் நிச்சயம் முடிந்திருந்த ஒரு பெண்ணிடம், திண்ணையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது, "உனக்கு சிக்கிள் செல் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் முடிவு வந்தது: ஒற்றைப் பிரதிதான், கேரியர். ஓடிப்போய்ச் சொன்னேன். "கேரியர்னா?" என்றார் அவளுடைய அம்மா. எனக்கும் சட்டென்று வார்த்தை வரவில்லை. ஏட்டி, கேரியர் என்றால் இங்கேயும் சைக்கிளில் இருப்பதுதான்! அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இப்போது பையனும் ரத்தம் கொடுத்திருக்கிறான், முடிவு வரவில்லை. அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது இன்னும் தலை குனிந்துதான் போகிறேன்.

அப்புறம்தான் உங்கள் வீட்டு நடையில் தாயம் ஆடியது ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டை இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று அப்பா, ஒன்று அம்மா, இருவரும் கேரியர். வெள்ளைதான் மாறிய எழுத்து. வீசினால் இரண்டும் வெள்ளை விழுவது நாலில் ஒரு பங்கு: அந்தப் பிள்ளைக்கு நோய். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்றால் கேரியர், அது பாதி. இரண்டும் கறுப்பு என்றால் ஒன்றுமில்லை. "மூத்ததுக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது" என்று ஓர் அண்ணன் நம்பிக்கையாகச் சொன்னார். கொட்டையை அவர் கையிலேயே கொடுத்தேன். அடுத்தடுத்து இரண்டு முறை இரட்டை வெள்ளை போட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சரி, உன் அத்தை மகன் விஷயம். வம்சப் படம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு. நினைவிலிருந்தே உன் குடும்பத்தை வரைந்தேன், தண்டவாளம் மாதிரி இருக்கிறது! மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்வார்கள். உன் ஆச்சியே தாய்மாமனைக் கட்டியவர் என்பதால் உங்களுக்கு அதைவிடக் கூடும். பொதுவாக நூறு குழந்தையில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும், இப்படிப்பட்ட திருமணத்தில் அது ஏறக்குறைய இரு மடங்கு. உன் அம்மா சொல்வது போல "ஒண்ணும் ஆகாது" என்பதும் சரியில்லை, உன் தம்பி பயமுறுத்துவது போல நிச்சயம் ஆகும் என்பதும் சரியில்லை. அவனைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. கடிதத்தில் அவன் பெயர் ஒன்பது முறை வருகிறது.

ஒன்று மட்டும் செய். உன் அத்தைக்கு ஒரு பையன் பிறந்து எட்டு மாதத்தில் தவறினானே, அவனுக்கு என்ன ஆயிற்று என்று தனியாகக் கேள். திண்ணையில் வைத்துக் கேட்காதே. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வை. நீங்கள் இருவரும் மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான். துணைக்கு நான் வேண்டுமென்றால் பொங்கலுக்கு வரும்போது கூட வருகிறேன்.

மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது? எழுது.

உன்,
செல்வி