2031 மே 21: அன்றைக்கு மட்டும் பெரிய வீடுகளைத் திறந்து வையுங்கள்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் பெரியவர்களுக்கும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பங்காளிகள் அனைவருக்கும்,

வணக்கம். ஐயாமாரும் ஆச்சிமாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறேன். எங்கள் அப்பா உங்களில் ஒருவருடைய வீட்டுச் சாவிக்கொத்தை முப்பது வருடத்துக்கு மேல் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவர். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து, காற்றாட விட்டு, முற்றத்தில் விழுந்த சருகை அள்ளி, மறுபடி பூட்டுவார். கூடப் போய்த் துடைப்பம் பிடித்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். 2031 மே 21, புதன்கிழமை, நம் ஊர்ப் பக்கம் கங்கண சூரிய கிரகணம் வருகிறது. அங்கோலா, தான்சானியா வழியாக வந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, கொச்சி, கோட்டயம், தேனி, மதுரை என்று வரும் நிழல் காரைக்குடியையும் தொட்டு, வேதாரண்யம், யாழ்ப்பாணம் என்று போகிறது. பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் நேரத்தில் நிலா குறுக்கே வருவதால் சூரியனை அதனால் முழுதாக மறைக்க முடியாது. ஏறக்குறைய 92 விழுக்காடு மறைந்து, விளிம்பு மட்டும் வளையலாக மிஞ்சும். நிழல்பாதையின் நடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அந்த வளையம் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும். நமக்கு அது மத்தியானம் ஒரு மணி வாக்கில் வரும். கத்திரி வெயில் நேரம், பள்ளிக்கூடம் விடுமுறை.

'அதற்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறதே, இப்போதே ஏன் மடல்?' என்று கேட்பீர்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி. ஒருவர் அண்ணாநகரில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் போன் எடுக்க மாட்டார். ஓட்டைப் பிரித்து மேயவே ஆறு வருடம் பேசிய வீடு எனக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று காலை ஒன்பதரை மணி வாக்கில் இதே மாதிரி வளையம் நம் ஊரில் தெரிந்தது. மார்கழி மாதம், அரையாண்டு விடுமுறை. தெருவில் ஒரு குஞ்சு இல்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தி, பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தார்கள். ஐந்தாறு பேரை மட்டும் அவர்கள் அம்மாமாரிடம் கெஞ்சிக் கூட்டி வந்தேன். சாவி அப்பாவிடம்தான் இருந்தது. வீட்டுக்காரரிடம் போனில் கேட்டோம். "கிரகண நேரத்தில் வீட்டைத் திறக்க வேண்டாமே" என்றார். சரி என்று வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம்.

நின்றதும் நல்லதற்குத்தான். வேப்பிலைகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசித்துளை போல வேலை செய்கிறது. வழக்கமாகத் தரையில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சப் பொட்டெல்லாம் அன்று முதலில் பிறையாகி, அப்புறம் நூற்றுக்கணக்கில் வளையமாக மாறின. எதிர்வீட்டு ஆச்சி விடியலில் போட்டுப் பூசணிப்பூ வைத்திருந்த கோலத்தின் மேல், புள்ளியும் இழையும் தெரியாமல் வளையம் வளையமாக விழுந்து அசைந்தது. கோலத்தை மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஆச்சி ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார், வெளியே வரவில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்தவும் இல்லை.

2019-இல் சூரியன் காலைச் சாய்வில் இருந்தது. உங்கள் வீட்டு முற்றத்தில் பாதிதான் வெயில் விழுந்திருக்கும். 2031-இல் அப்படி இல்லை. மே மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். ஒரு மணிக்குக் கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தாலும், வெளிச்சம் செங்குத்தாக என்று சொல்லும்படி முற்றத்துக்குள் இறங்கும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் இறங்குவதற்குக் கட்டிய இடம் அது. இந்தக் கிரகணம் முற்றத்துக்கென்றே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை. அது கூடவே கூடாது. வளையம் நிற்கும்போதும் மிச்சமிருக்கும் அந்த எட்டு விழுக்காடு கண்ணைப் பொசுக்கப் போதும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கூலிங்கிளாஸ் எதுவும் உதவாது. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். நேரே பார்ப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 12312-2 தரம் கொண்ட கிரகணக் கண்ணாடிதான் வேண்டும்.

நான் கேட்பது உங்கள் சுவரை. அப்பாவோடு வீடு பெருக்கப் போன ஒரு நாளில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று. அதன் மேல் கறுப்பு சார்ட் தாளை ஒட்டி, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக வெட்டிக்கொண்டேன். அதை முற்றத்து வெயிலில் முக்காலி மேல் வைத்துச் சாய்த்து, வெளிச்சத்தை முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு வழியாக உள்ளே திருப்பினேன். இருபது மீட்டர் தள்ளி, வீட்டின் பின்பகுதியான இருட்டான இரண்டாம் கட்டுச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் சூரியன் வந்து நின்றது. துளை சதுரம், விழுந்ததோ வட்டம். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் படமே. துளையிலிருந்து சுவர் எவ்வளவு தூரமோ அதில் நூற்றெட்டில் ஒரு பங்கு அகலம் வரும், கணக்கு அவ்வளவுதான். ஒரு மேகத் துண்டு சூரியனைக் கடந்தபோது, சுவரிலும் வட்டத்தின் குறுக்கே கறுப்பாக ஊர்ந்து போனது. அப்பா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அந்தச் சுவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியது. சினிமாத் திரையாகக் கூட அவ்வளவு வழவழப்பான வெள்ளை கிடைக்காது. இருபது மீட்டர் நீளத்துக்கு இருட்டும், நடுவில் திறந்த வெயிலும் ஒரே கூரைக்கடியில் வேண்டும் என்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்கே போவேன்? ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு உங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு சங்கடம் உண்டு. வட்டம் சுவரில் நிற்காது. இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். கண்ணாடியை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்க முக்காலி பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அவரும் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்கக் கூடாது. அந்த வேலையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். கிரகணம் முழுதும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால் முறை போட்டுத்தான் செய்ய வேண்டும்.

சாத்திர சம்பிரதாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊறுகாய் ஜாடியில் தர்ப்பை போடுகிறவர்கள் போடட்டும், முடிந்ததும் குளிக்கிறவர்கள் குளிக்கட்டும். கோயில் நடை சாத்துவது கோயில் காரியம், அதில் எனக்கு வழக்கு இல்லை. சாப்பாடு கெடாது என்பது மட்டும் எனக்கு உறுதி. உலக்கையும் கிரகணத்தன்றுதான் நிற்கும் என்றில்லை. அடி சமமாக இருந்தால் என்றைக்கும் நிற்கும், நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

நாள் இருப்பதால் அதற்குள் ஒத்திகையும் பார்த்துவிடலாம். 2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை. அன்று எகிப்திலும் அரேபியாவிலும் முழு கிரகணம். நமக்கு மாலையில், சூரியனில் ஓரம் கடித்த மாதிரி மட்டும் தெரியும். கண்ணாடி வித்தையை அன்று மொட்டை மாடியில் பழகிக்கொள்ளலாம். சந்திர கிரகணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டாம், வெறும் கண் போதும். 2028 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு 9.46 முதல் 10.57 வரை நிலா முழுதாக மறைந்து செம்பு நிறத்தில் நிற்கும். நிழல் கடைசியாக விலகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி ஆறு நிமிடம் ஆகியிருக்கும், அதாவது புத்தாண்டு பிறந்திருக்கும். 2029 டிசம்பர் 21 விடியற்காலை 3.44 முதல் 4.38 வரை இன்னொன்று. மார்கழியில் அந்த நேரத்துக்குக் கோலம் போட எழுந்தவர்களுக்கு அது இனாம்.

இனி என் கோரிக்கை. எழுபத்துச் சொச்சம் ஊரிலும் எல்லா வீட்டையும் திறக்கச் சொல்லவில்லை. நிழல்பாதைக்குள் வரும் ஊர்களில், ஊருக்கு ஒரு வீடு போதும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பீர்களே, அதே போல ஒரு நாள். காலை பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டிவிடலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள், அது என் பொறுப்பு. பர்மாத் தேக்குத் தூணைத் தொட்டுப் பார்ப்பார்கள், அதை என்னால் தடுக்க முடியாது. உள்ளறைகளைப் பூட்டியே வையுங்கள். எங்களுக்கு முகப்பும் முற்றமும் வளவும் ஒரு வெள்ளைச் சுவரும் போதும். பத்து வருடத்துக்கு மேல் அதே தெருவில் வளர்ந்தும் அந்த நிலைக்கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திராத பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப்பேர்.

வர முடிந்த பங்காளிகள் நீங்களும் பேரன் பேத்திகளோடு வாருங்கள். மே மாத டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சம்மதம் என்றால் உங்கள் ஊர் நகர விடுதிப் பலகையில் வீட்டு விலாசத்தை எழுதி ஒட்டச் சொல்லுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அப்பா வைத்திருந்த கொத்து இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நடுவாசல் சாவி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. போன வாரம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வாத்தியாரம்மா