மறுப்புக் கடிதத்தில் காரணமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுள் காப்புறுதி பெறாதோர் நம்மிடையே அதிகம் எனக் கவலை தெரிவித்த தங்கள் அண்மைய ஆசிரிய தலையங்கம், பெற விரும்பியும் மறுக்கப்பட்டோரைப் பற்றி எதுவும் கூறவில்லை. நீரிழிவு உள்ள எனது விண்ணப்பத்தை ஒரு நிறுவனம் காரணம் கூறாமல் இரண்டே வரிகளில் நிராகரித்தது. அடுத்த நிறுவனத்தின் படிவத்திலோ, முன்னர் எங்கேனும் விண்ணப்பம் மறுக்கப்பட்டதா என்ற கேள்வி இருந்தது, "இல்லை என்று போடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் முகவர். (பார்ப்பார்கள், நான் இல்லாத நாளில், இழப்பீடு கோரி நிற்கும் என் மனைவியிடம் அதைக் காட்டுவார்கள்.) உண்மையையே எழுதி, ஆறு மாதத்துக்கான இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கைகளையும் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்தேன், கூடுதல் கட்டுப்பணத்துடன் காப்புறுதி கிடைத்தது.

இடர் மதிப்பீடு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் ஒன்றின் மறுப்பு அனைத்தினதும் மறுப்பு ஆகாது. ஆயினும் காரணம் தெரியாதவர் எதைத் திருத்திக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவார்? ஆகவே, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, மறுப்புக்கான காரணத்தையும் மீள விண்ணப்பிக்கக்கூடிய காலத்தையும் விண்ணப்பதாரியின் மொழியிலேயே எழுத்தில் வழங்குமாறு நிறுவனங்களைப் பணிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06